இணையத்தில் நற்பெயர்



வானொலியில் பேசுகிறவனுடைய நிலைமை சற்று விந்தையானது. மேடையில் பேசுகிறவனைக் கூட்டத்தார் கண்ணால் காண்கிறார்கள். அவனும் கேட்பவர்களின் முகத்தைப் பார்த்துப் பேச்சை நீட்டவும் சுருக்கவும் கூடும். வானொலியிலோ நான்கு சுவர்களுக்குள், ஒலிவாங்கியின் முன் தனியே அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது. என்னை நீங்கள் காணவில்லை. உங்களை நானும் காணவில்லை. அறிவிப்பாளர் சொல்லிய பெயர் ஒன்று, அதைத் தொடர்ந்து வரும் குரல் ஒன்று. இவ்விரண்டையும் கொண்டே, ‘இவர் சொல்வதைக் கேட்போம்’ என்றோ, ‘வேண்டா, நிறுத்திவிடுவோம்’ என்றோ நீங்கள் முடிவு செய்கிறீர்கள்.

இந்த நிலைமை இன்று வானொலிப் பேச்சாளனுக்கு மட்டும் உரியதாக இல்லை. உங்கள் எல்லோருக்கும் அது வந்துவிட்டது. நீங்கள் ஒரு வேலைக்கு விண்ணப்பம் அனுப்புகிறீர்கள். மேற்படிப்புக்கு ஒரு பல்கலைக்கழகத்தை நாடுகிறீர்கள். ஆய்வில் துணை வேண்டி அறிமுகமில்லாத பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். அதைப் பெற்றவர் என்ன செய்கிறார்? உங்கள் பெயரைக் கணினியில் தட்டிப் பார்க்கிறார். நீங்கள் அவர் முன் சென்று நிற்பதற்கு முன்பே உங்கள் பெயர் சென்று நிற்கிறது. அவ்வாறு முன்னே செல்லும் பெயர் உங்களைப் பற்றி என்ன சொல்கிறது? அதைச் செப்பமாகச் சொல்லும்படி செய்ய நம்மால் இயலுமா? இதைப் பற்றியே இன்று உங்களோடு சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முன்னாளில் ஒருவருடைய பெயர் பரவிய வட்டம் சிறியது. இன்னார் வீட்டுப் பிள்ளை, இன்ன தெருவில் இருப்பவர், கணக்கில் கெட்டிக்காரர், கைராசியுள்ள வைத்தியர் என்று ஊரார் அறிந்திருந்தார்கள். தச்சர் ஒருவர் செய்த கதவு பத்து வீடுகளில் இருந்தால், அந்தப் பத்துக் கதவுகளே அவருக்காகப் பேசின. ‘பூக்கடைக்கு விளம்பரம் வேண்டுமா?’ என்று நம்மவர் சொல்லும் பழமொழி அந்த வாழ்க்கையில் பிறந்தது. உண்மைதான். ஆயினும் பூவின் மணம் காற்று வீசும் அளவுக்கே செல்லும். கடைத்தெருவின் எல்லையைத் தாண்டி, கடலுக்கு அப்பால் இருப்பவருக்கு அது எட்டுவதில்லை. இணையத்தில் மணம் இல்லை. அங்கே எழுத்தும் படமும் ஒலியுமே உண்டு. ஆதலின் அங்கே ஒருவர் தம்மைப் பற்றி ஒன்றும் வைக்காமல் இருந்தால், அவருடைய அடக்கத்தை யாரும் உணர்வதில்லை; அவர் இருப்பதையே உணர்வதில்லை.

இங்ஙனம் தம் பெயரைத் திட்டமிட்டு வளர்ப்பதை ஆங்கிலத்தில் ‘பெர்சனல் பிராண்ட்’ என்கிறார்கள். இந்தச் சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். ‘பிராண்ட்’ என்னும் சொல்லுக்கு வேர்ப்பொருள் எரிதல், சுடுதல் என்பதாகும். காய்ச்சிய இரும்பினால் மாட்டின் தோலில் உரிமையாளரின் குறியைச் சுடுவது வழக்கம். அந்தச் சூட்டுக்குறிக்கு வழங்கிய பெயர் பின்னர்ப் பெட்டியின் மேல் இடும் முத்திரைக்கும், அதன்பின் விற்பனைப் பொருளின் வணிகப் பெயருக்கும் ஆயிற்று. மனிதருக்கும் இந்தச் சொல்லைச் சேர்த்துப் பெரிதும் பரப்பியவர் அமெரிக்க மேலாண்மை எழுத்தாளர் டாம் பீட்டர்ஸ். 1997ஆம் ஆண்டில் ‘பாஸ்ட் கம்பெனி’ என்னும் இதழில் அவர் எழுதிய கட்டுரை, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் பெயர் கொண்ட ஒரு நிறுவனத்தின் தலைவரே என்று எண்ணிக்கொள்ளும்படி படிப்பவர்களைத் தூண்டியது.

இக்கருத்தில் கொள்ளத் தக்கதும் உண்டு. தள்ளத் தக்கதும் உண்டு. ஒருவர் தம் பெயருக்குத் தாமே பொறுப்பு என்பது கொள்ளத் தக்கது. ஆனால் மனிதர் சோப்புக்கட்டியைப் போன்றவர் அல்லர். சோப்பு இன்றும் நாளையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். மாறினால் வாங்குபவர் குறைகூறுவர். மாணவரோ மாற வேண்டியவர். பதினெட்டு வயதில் இயற்பியலில் ஆர்வம் கொண்டவர் இருபத்திரண்டில் பொருளியலுக்குச் செல்லலாம். அதை ஒரு குறை என்று எண்ணித் தம்மேல் தாமே சூடு போட்டுக்கொள்ள வேண்டுவதில்லை. ஆகவே, வணிகர் தந்த சொல்லை அவர்களிடமே விட்டுவிட்டு, நாம் ‘நற்பெயர்’ என்னும் நம்முடைய பழைய சொல்லையே கைக்கொள்வோம். முத்திரை வெளியிலிருந்து இடப்படுவது. நற்பெயரோ ஒருவருடைய செயலிலிருந்து சிறிது சிறிதாக விளைவது.

‘செயல் இருந்தால் போதாதா? அதை வெளியில் காட்டுவது தற்பெருமை ஆகாதா? நிறைகுடம் தளும்பாது அன்றோ?’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சம் இருப்பது இயல்பு. இதற்கு விடையாகப் பழைய வரலாறு ஒன்றைச் சொல்கிறேன்.

பெஞ்சமின் பிராங்க்ளின் அமெரிக்க நாட்டின் பெருமக்களுள் ஒருவர். இளமையில் அவர் பிலடெல்பியா நகரில் கடன் வாங்கி அச்சுக்கூடம் நடத்திய தொழிலாளி. தாம் எழுதிய தன்வரலாற்றில் அக்காலத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேசுகிறார். உண்மையிலேயே உழைப்பும் சிக்கனமும் உடையவராய் இருந்ததோடு, அதற்கு மாறான தோற்றம் எதுவும் எழாதபடியும் அவர் பார்த்துக்கொண்டாராம். எளிய உடை உடுத்தார். வீண்பொழுது போக்கும் இடங்களில் அவரைக் காண முடியாது. கடையில் வாங்கிய தாளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, ஊரார் பார்க்கத் தாமே தெரு வழியே தள்ளிக்கொண்டு வருவாராம். இது வெறும் காட்சிதானே என்று கேட்கத் தோன்றும். அதே பகுதியில் அவர் கூறும் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வாங்கிய பொருளுக்கு உரிய பணத்தை அவர் தவறாமல் செலுத்தி வந்தார். வண்டியைக் கண்டவர்கள் அவரை நம்பத் தொடங்கினார்கள். பணம் ஒழுங்காக வந்ததால் அந்த நம்பிக்கை நிலைத்தது. பணம் வராமல் வண்டி மட்டும் வந்திருந்தால், சில திங்களில் ஊர் சிரித்திருக்கும். பணம் வந்தும் வண்டியை யாரும் காணாதிருந்தால், அவர் வளர இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். உண்மை முதலில், தோற்றம் அதன் பின் என்னும் இந்த வரிசையை மனத்தில் கொள்ளுங்கள். தளும்பாத நிறைகுடத்திலிருந்தும் தாகம் கொண்டவருக்கு நீர் மொண்டு கொடுக்கலாம். அது தற்பெருமை ஆகாது.

இனி, செய்ய வேண்டியவற்றைப் பார்ப்போம். முதலாவது, பெயரே. இது மிக எளிது என்று தோன்றும். தமிழர்களாகிய நமக்கு அது அவ்வளவு எளிதன்று. நம்மில் பெரும்பாலோர்க்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பெழுத்தாக இடுகிறோம். அயல்நாட்டுப் படிவங்களோ முதற்பெயர் ஒன்று, கடைப்பெயர் ஒன்று எனக் கேட்கின்றன. அங்கே ஒரு முறை தந்தை பெயரை முழுமையாக எழுதுகிறோம். ஒரு முறை தலைப்பெழுத்தை மட்டும் எழுதுகிறோம். ஒரு முறை ஊர்ப்பெயரையும் சேர்க்கிறோம். ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஒரே பெயரை மூன்று வகையாக எழுதுவதும் உண்டு. இவ்வாறு இணையத்தில் ஒருவரே மூவராகி விடுகிறார்.

இது என் அனுபவமும் ஆகும். நான் தமிழ் கற்பிப்பவன். கட்டுரைகள் எழுதத் தொடங்கிய காலத்தில் என் பெயரை எழுதும் முறையில் நான் கவனம் செலுத்தவில்லை. பல ஆண்டுகள் கழித்து இணையப் பட்டியல் ஒன்றைப் பார்த்தபோது, சிற்றிலக்கியம் பற்றி நான் எழுதிய கட்டுரை ஒன்று, என் பெயரே கொண்ட வேறொருவரின் கணக்கில் கிடந்தது. அதற்கு ஈடு செய்வது போல, அவர் எழுதிய வேதியியல் கட்டுரை ஒன்று என் கணக்கில் இருந்தது. அந்தக் கட்டுரையின் தலைப்பைக்கூட என்னால் பிழையின்றிப் படிக்க முடியவில்லை! நண்பர்கள் நகைத்தார்கள். குற்றம் பட்டியலினுடையது என்று நான் முதலில் சினந்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தேன்; மூன்று வகையாகப் பெயர் எழுதியவன் நான்தான்.

இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே ‘ஆர்க்கிட்’ என்னும் ஏற்பாடு 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் 16 இடங்கள் கொண்ட அடையாள எண் ஒன்றைக் கட்டணமின்றித் தருகிறார்கள். பெயர் ஒன்றாயினும் எண் வேறு. திருமணத்தின்போதோ பிற காரணத்தாலோ பெயர் மாறினாலும் எண் மாறுவதில்லை. ஆய்வுத்துறையை நாடும் கல்லூரி மாணவர் தம் முதற்கட்டுரைக்கு முன்பே அதைப் பெற்றுக்கொள்வது நன்று. மற்றவர்கள் ஒன்று செய்யலாம். சான்றிதழில் உள்ளதற்கு ஒத்த ஒரே வடிவத்தைத் தேர்ந்து, எல்லா இடங்களிலும் அந்த வடிவத்தையே எழுதுங்கள்.

இரண்டாவது, பெயரின் கீழே வைக்க வேண்டிய பணி. ‘நான் திறமையுடையவன், உழைப்பாளி, தலைமைப் பண்பு மிக்கவன்’ என்று எழுதுவது எளிது. இன்று அந்த வாக்கியங்களை எந்திரமே ஒரு நொடியில் எழுதித் தருகிறது. எல்லோரும் எளிதில் எழுதக் கூடியதற்கு மதிப்புக் குறைவு. செய்த பணியைக் காட்டுவதற்கோ மதிப்பு மிகுதி.

1991ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள், பின்லாந்து நாட்டின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கணினி ஆர்வலர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் ஒரு குறிப்பு எழுதினார். அவருக்கு அப்போது 21 வயது. தாம் ஓர் இயக்கு மென்பொருளைப் பொழுதுபோக்காக எழுதி வருவதாகவும், அது பெரியதாக வளரப் போவதில்லை என்றும், அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று மற்றவர்கள் சொன்னால் நன்று என்றும் அதில் கூறியிருந்தார். லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் அம்மாணவர் எழுதியதே லினக்ஸ். உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகளின் பட்டியலில், 2017ஆம் ஆண்டு இறுதி முதல் எல்லாமே லினக்ஸில் இயங்குவனவாக உள்ளன. ஆண்டிராய்டுக் கைப்பேசியை உங்களில் பலர் வைத்திருப்பீர்கள். அதன் உட்கருவும் அதுவே. அவர் அன்று தம்மைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. செய்ததை வைத்தார், குறைகளைக் கேட்டார், அவற்றைத் திருத்தினார்.

சல்மான் கான் என்பவர் பாஸ்டன் நகரில் நிதித்துறையில் வேலை பார்த்தவர். 2004ஆம் ஆண்டில், தொலைவிலிருந்த உறவினர் வீட்டுச் சிறுமி ஒருத்திக்கு ஓய்வு நேரங்களில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கேட்போர் பெருகவே, 2006ஆம் ஆண்டில் பாடங்களைச் சிறு படங்களாக்கி யூடியூபில் வைத்தார். 2008ஆம் ஆண்டில் அது கான் அகாடமி என்னும் இலவசக் கல்வி நிறுவனமாயிற்று. அந்தப் படங்களில் அவருடைய முகம்கூடத் தெரிவதில்லை. கரும்பலகை போன்ற திரையில் எழுத்துத் தெரியும், குரல் கேட்கும்.

நம் மொழியிலும் எடுத்துக்காட்டு உண்டு. சுவிட்சர்லாந்தில் அறிவியல் பணியில் இருந்த கு. கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார்கள். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியமின்றித் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, மெய்ப்புப் பார்த்து, எவரும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் வைத்தார்கள். அங்கே ஒரு நூலைத் திறந்தால், அதைத் தட்டெழுதியவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று முகப்பில் சிறிய எழுத்தில் நன்றியோடு குறித்திருப்பார்கள். ஒரு வரிதான். ஆயினும் அந்த ஒரு வரிக்குப் பின்னே எத்தனையோ இரவுகளின் உழைப்பு இருக்கிறது. பத்துப் பக்கத் தன்விளம்பரத்தைவிட அந்த வரி கனமானது.

இம்மூவகைப் பணிகளிலும் பொதுவாக ஒன்றைக் காண்கிறோம். பெயரை நாடி எவரும் தொடங்கவில்லை. பிறருக்குப் பயன்படும் ஒன்றை எவரும் காணும் இடத்தில் வைத்தார்கள். பெயர் பின்னால் வந்தது. நீங்களும் அவ்வாறு செய்யலாம். தாவரவியல் பயில்பவர் தம் ஊர் ஏரிக்கரைச் செடிகளைப் படம் எடுத்து, இடமும் நாளும் குறித்துத் தொகுக்கலாம். வரலாறு பயில்பவர் ஊர்க்கோயில் கல்வெட்டைப் பற்றித் தக்க சான்றுகளோடு தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதலாம். அந்தக் கலைக்களஞ்சியம் 2003ஆம் ஆண்டு முதல் தொண்டர்களாலேயே வளர்ந்து வருகிறது. கணினி பயில்பவர் தாம் எழுதிய நிரலைக் கிட்ஹப் தளத்தில் வைக்கலாம். தையற்கலை கற்பவர் ஒரு சட்டையின் வெட்டுமுறையைப் படிப்படியாக விளக்கலாம். சிறியதாயினும் முடித்த பணி, முடிக்காத பெரும் பணியைவிட நன்று.

மூன்றாவது, உண்மை. இதைப் பற்றி நான் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், நீர்வளம் பற்றி ஆராயும் அலுவலகம் ஒன்று களப்பணிக்கும் அறிக்கை எழுதுவதற்கும் இளைஞர்களைத் தேர்ந்தெடுத்தது. மொழித்திறனைக் காண்பதற்காக என்னையும் அழைத்திருந்தார்கள். வந்த இளைஞர் ஒருவருடைய இணையப் பக்கம் மிக அழகாக இருந்தது. பன்னிரண்டு திறமைகள் வரிசையாக இருந்தன. வயலின் ஈரத்தை அளந்து தானே நீர் பாய்ச்சும் கருவி ஒன்றைத் தாம் உருவாக்கியதாகவும் எழுதியிருந்தார். பொறியாளர் ஒருவர் அக்கருவியைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். இளைஞர் விடை சொல்லத் திணறினார்; முகம் வியர்த்தது. பிறகு மெல்லச் சொன்னார்: ‘கருவியைச் செய்தவர்கள் என் நண்பர்கள், ஐயா. அறிக்கையை மட்டும் நான் எழுதினேன்.’

அந்த அறிக்கையை வாங்கிப் பார்த்தோம். தெளிவாக, ஒழுங்காக, நல்ல நடையில் இருந்தது. எங்களுக்கு வேண்டியிருந்ததே அறிக்கை எழுதுகிறவர்தான்! அவர் தம்முடைய உண்மையான பங்கை எழுதியிருந்தால் அதுவே அவருக்குப் போதுமானதாய் இருந்திருக்கும். ஆயின் மிகைபடச் சொன்னவர் எழுதும் அறிக்கையை எப்படி நம்புவது என்னும் ஐயம் குழுவினருக்கு எழுந்துவிட்டது. அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வெளியே சென்றபோது அவர் நடந்த நடை இன்னும் என் கண்முன் நிற்கிறது.

அதே நாளில் வந்த பெண் ஒருத்தியின் பக்கத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தம் ஊர்ப் பொதுக்கிணற்றின் நீர்மட்டத்தை ஓராண்டுக் காலம் நாள்தோறும் அளந்து எழுதிய அட்டவணை அது. இடையில் ஒன்பது நாள்கள் வெற்றிடமாய் இருந்தன. பக்கத்திலே, ‘காய்ச்சல்; அளக்க இயலவில்லை’ என்று குறித்திருந்தாள். அந்த ஒன்பது வெற்றிடங்களைக் கண்டதும், மற்ற நாள்களின் எண்களை எல்லோரும் நம்பினோம்.

நான்காவது, தொடர்பு. வேலைகள் நெருங்கிய நண்பர் வழியே வரும் என்றே நாம் எண்ணுகிறோம். மார்க் கிரானோவெட்டர் என்னும் சமூகவியலறிஞர், வேலை மாறியவர்களை அமெரிக்க நகரம் ஒன்றில் உசாவி, 1973ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் வழியாக வேலை பெற்றவர்களில், அடிக்கடி சந்திப்பவர் வழியே பெற்றவர்கள் நூற்றுக்கு 17 பேர் அளவே. எப்போதாவது சந்திப்பவர் வழியே பெற்றவர்கள் 56 பேர். அரிதாகச் சந்திப்பவர் வழியே பெற்றவர்கள் 28 பேர் அளவினர். காரணம் எளிது. நெருங்கிய நண்பர் அறிந்தது பெரும்பாலும் நாம் முன்பே அறிந்ததாய் இருக்கும்; தொலைவில் இருப்பவரே புதிய செய்தி அறிவார். பின்னாளில், 2003ஆம் ஆண்டில் தொடங்கிய லிங்க்ட்இன் என்னும் தொழில்முறைத் தளத்தில் இரண்டு கோடிப் பேரை உட்படுத்திச் சோதனைகள் நடத்தி, 2022ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். மிக நெருங்கிய உறவும் அல்லாமல், முற்றிலும் அறியாத உறவும் அல்லாமல், இடைப்பட்ட அறிமுகமே வேலை மாற்றத்திற்கு மிகவும் துணை செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள்.

ஆகவே அறிமுகமில்லாத பெரியவர்களுக்கு எழுதத் தயங்காதீர்கள். ஆயினும் எழுதும் முறை உண்டு. ‘எனக்கு வேலை வாங்கித் தாருங்கள்’ என்று தொடங்காதீர்கள். அவருடைய நூலையோ கட்டுரையையோ படித்து, அதில் எழுந்த ஐயம் ஒன்றை ஐந்தாறு வரிகளில் கேளுங்கள். விடை வந்தால் நன்றி எழுதுங்கள். வராவிட்டால் வருந்த வேண்டா. அவருக்கும் ஒரு நாளைக்கு 24 மணி நேரமே உண்டு.

இனி எச்சரிக்கைகள் சில. இணையம் மறப்பதில்லை. 1996ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இணைய ஆவணக் காப்பகம் வலைப்பக்கங்களின் படிகளைத் தொடர்ந்து சேமித்து வருகிறது. நீங்கள் அழித்த பக்கம் அங்கே இருக்கலாம். நண்பர் குழுவுக்குள் சொன்னதுதானே என்றும் இருந்துவிட முடியாது. 2017ஆம் ஆண்டில், ஹார்வர்டு கல்லூரியில் இடம் கிடைத்திருந்த மாணவர்களில் குறைந்தது பத்துப் பேர், தங்களுக்குள் வைத்திருந்த முகநூல் குழு ஒன்றில் பிறரை இழிவுபடுத்தும் படங்களைப் பகிர்ந்தமையால், சேரும் முன்பே அந்த இடத்தை இழந்தார்கள். பல ஆண்டு உழைத்துப் பெற்ற இடம் சில நொடிகளின் கேலியில் போயிற்று.

பழைய செய்தி ஒன்று ஒருவரை எவ்வளவு காலம் தொடரும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. ஸ்பெயின் நாட்டில் ஒருவர் பட்ட கடனுக்காக அவர் வீடு ஏலத்துக்கு வந்த அறிவிப்பு, 1998ஆம் ஆண்டில் ஒரு நாளிதழில் வெளியாயிற்று. கடன் தீர்ந்து பல்லாண்டு ஆன பின்னும், அவர் பெயரைத் தேடியவர்களுக்கு அந்த அறிவிப்பே முன்னே வந்தது. அவர் முறையிட்டார். 2014ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம், காலம் கடந்து பொருத்தம் இழந்த செய்தியைத் தம் பெயரின் தேடல் முடிவுகளிலிருந்து நீக்கக் கேட்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும், தன்விவரங்களைத் திருத்தவும் நீக்கவும் கேட்கும் உரிமையைத் தரும் எண்மவகைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. இவை நல்ல காவல்களே. எனினும் காயம் பட்டபின் மருந்து தேடுவதைவிடப் படாமல் காத்துக்கொள்வது மேல். சினத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து, காலையில் படித்துப் பார்த்தபின் வெளியிடும் வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வெளியிடத் தோன்றாது.

பெயரைக் காட்டுவது வேறு, வீட்டைத் திறந்து காட்டுவது வேறு. தேர்வு நுழைவுச்சீட்டு, ஆதார் அட்டை, வீட்டு முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மகிழ்ச்சிப் பெருக்கில் படம் எடுத்துப் பொதுவில் வைக்கிறார்கள். இது வேண்டா. உங்கள் பணியைப் பார்ப்பதற்கு உங்கள் வீட்டுக் கதவு எண் எவருக்கும் தேவையில்லை.

இன்னொன்று, இடத்தைப் பற்றியது. நாம் எழுதும் தளங்களில் பல வாடகை வீடுகள் போன்றவை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஜியோசிட்டீஸ் தளம் 2009ஆம் ஆண்டில் மூடப்பட்டது. நம் நாட்டு இளைஞர் பலர் கூடியிருந்த ஆர்குட் 2014ஆம் ஆண்டில் மறைந்தது. கூகுள் பிளஸ் 2019ஆம் ஆண்டில் முடிந்தது. அங்கே எழுதியவற்றுக்குப் படி வைத்துக்கொள்ளாதவர்கள் இழந்தார்கள். ஆதலின் எழுதியவை எல்லாவற்றுக்கும் உங்களிடம் ஒரு படி இருக்கட்டும். இயன்றபோது, உங்கள் பெயரிலேயே சிறிய வலைத்தளம் ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். சிறு குடிசையாயினும் அது உங்கள் சொந்த மனையில் நிற்கும்.

கடைசியாக, எண்ணிக்கை மயக்கம். எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள், எத்தனை விருப்பக்குறிகள் விழுந்தன என்று நாளுக்குப் பலமுறை பார்ப்பவர், விதையை நட்டுவிட்டு முளைத்ததா என்று மண்ணைக் கிளறிக்கொண்டே இருப்பவரைப் போன்றவர். கிணற்று நீரை அளந்த அந்தப் பெண்ணின் பக்கத்தை அதுவரை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? நாங்கள் ஐந்து பேர் பார்த்தோம். அந்த ஐந்து பேர் போதுமானவர்களாய் இருந்தார்கள்.

‘என்னிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லையே’ என்று சோர்ந்திருக்கும் மாணவருக்கு ஒரு சொல். உங்களிடம் கணினி இல்லாமல் இருக்கலாம். வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி இருந்து அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடலாம். அதனால் தாழ்வு ஒன்றுமில்லை. ஒரு குறிப்பேட்டை எடுங்கள். இன்று கற்றது என்ன, செய்தது என்ன, எங்கே தவறினோம் என்று நாள்தோறும் நான்கு வரி எழுதுங்கள். ஓராண்டு சென்றபின் அதில் பிறருக்குப் பயன்படும் பக்கங்கள் பத்தாவது இருக்கும். கல்லூரி நூலகத்துக் கணினியில் ஒரு மாலைப்பொழுது அமர்ந்தால் அவற்றை இணையத்தில் ஏற்றிவிடலாம். ஏற்றுவதற்கு ஒரு மாலை போதும். எழுதுவதற்குத்தான் ஓராண்டு வேண்டும். ஆதலால் குறிப்பேட்டை இன்றே தொடங்குங்கள். முதற்பக்கத்தில் உங்கள் பெயரை, இனி எங்கும் மாற்றாமல் எழுதப் போகும் அந்த ஒரே வடிவத்தில், தெளிவாக எழுதுங்கள்.